தண்ணீர் இருட்டாக இருக்க வேண்டும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இங்கே நான் எழுதப்போகிற மூன்று நாட்களில் பாதி நேரம் யாரையாவது திட்டிக்கொண்டுதான் இருந்தேன். அதிலும் முக்கால்வாசி தப்பான ஆளை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. சேலையூர் கேம்ப் ரோட்டில் கீழே பாத்திரக்கடை, மாடியில் எங்கள் லேப். சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் போய் வருவேன். லேப் என்றதும் எங்கள் தெருவில் எல்லோரும் சர்க்கரை டெஸ்ட் எடுக்கிற இடம் என்று நினைத்துக்கொண்டார்கள். இறாலுக்கு வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறோம் என்று நான் விளக்கியபோது எதிர்வீட்டு ரிட்டையர்டு மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "இறாலுக்கு ஜுரம் வந்தாகூடவா பாக்கறேள்?" என்றார். "பாக்கறோம் மாமா. என்ன, நாக்கை நீட்டச் சொன்னா நீட்ட மாட்டேங்குது" என்றேன்.

சிரிக்கிற விஷயம் இல்லை அது. வெள்ளைப்புள்ளி வைரஸ் ஒரு குளத்தில் புகுந்தால் ஒரே வாரத்தில் மொத்த இறாலும் செத்துக் கரை ஒதுங்கும். அதனால் இறால் வளர்க்கிறவர்கள், குஞ்சு வாங்கும்போதே வைரஸ் இல்லை என்ற ரிப்போர்ட் கேட்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக இருந்த ஹேச்சரிக்காரர்கள் குஞ்சு பொரித்து, ஒரு கை அள்ளி எங்களிடம் கொண்டு வருவார்கள். நாங்கள் அதை நசுக்கி, மரபணுவைப் பிரித்து, அதற்குள் வைரஸின் ஒரு சின்னத் துண்டைத் தேடுவோம். அந்தத் துண்டு இருந்தால் பிசிஆர் மெஷின் அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிவிடும். பெருக்கியதை ஜெல் என்கிற கூழ்ப் பலகையில் ஓட்டி, புற ஊதா விளக்கின் மேல் வைத்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு எரியும். இல்லாவிட்டால் அந்த இடம் இருட்டு. எரிந்தால் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் குஞ்சுகளைக் கொன்றுவிட வேண்டியதுதான்.

ஒவ்வொரு டெஸ்டிலும் வந்த இறாலோடு கூட மூன்று சாட்சிகளையும் ஓட்டுவோம். கண்ட்ரோல் என்று பெயர். முதலாவது, வைரஸ் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த இறால். அது எரிந்தே ஆக வேண்டும். இரண்டாவது, நோயில்லாத இறால். அது எரியக் கூடாது. மூன்றாவது ட்யூபில் இறாலே கிடையாது, வெறும் தண்ணீர். அது எரியவே கூடாது. ஒன்றுமில்லாத தண்ணீர் எரிகிறது என்றால் வைரஸ் இறாலில் இல்லை, எங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த டெஸ்டையே தூக்கிக் குப்பையில் போட வேண்டும். நான் இந்த உலகத்தில் பயந்த ஒரே ஆள் அந்தத் தண்ணீர்தான்.

அதனால் லேபில் இரண்டு அறை. சுத்த அறையில் மருந்துகளைக் கலப்போம். ஜெல் அறையில், பெருக்கி முடித்த ட்யூபைத் திறப்போம். ட்யூபைத் திறந்தால் கோடிக்கணக்கான துண்டுகள் காற்றில், மேசையில், கைப்பிடியில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். உயிருள்ள வைரஸ் இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதில் ஒரு துளி சுத்த அறைக்குள் வந்தால் போதும், எல்லாமே பாசிட்டிவ். திரவத்தை அளந்து எடுக்கிற பிப்பெட்டில் ஜெல் அறைக்குச் சிவப்பு டேப், சுத்த அறைக்குப் பச்சை டேப். செருப்புகூடத் தனித்தனி. யாராவது மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தால் நான் ஆடுகிற ஆட்டம் கீழே பாத்திரக்கடை வரைக்கும் கேட்கும்.

கோவளத்து பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது இருக்கும். இருபது வருடம் வளைகுடாவில் உழைத்துவிட்டு, போதும் என்று ஊருக்கு வந்து, கடலோரத்தில் நான்கு தொட்டி கட்டி ஹேச்சரி போட்டிருந்தார். குஞ்சை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டார். பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் ஆக்சிஜனும் நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அவரே வருவார். அந்த வருடம் அவருடைய முதல் பொரிப்பு எங்கள் லேபில் எரிந்தது. அன்றைக்குத் தண்ணீர் சுத்தமான இருட்டு, ஆகவே நோய் நிஜம். அவர் போய்த் தன் கையாலேயே பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்.

மழைக்கு முன்னால் கடைசிப் பொரிப்பு ஒன்று மிச்சம் இருந்தது. அது ஆயுதபூஜை முடிந்து லேப் திறந்த முதல் நாள் என் மேசைக்கு வந்தது. அந்த வருடம் ரம்ஜான் நோன்பும் நவராத்திரியும் ஒன்றாக வந்திருந்தன. பாய் நோன்பில் இருந்தார். உதடு காய்ந்திருந்தது.

"வியாழக்கெழம விடிகாலம் நாகப்பட்டினத்துலேர்ந்து லாரி வருதும்மா. ரிப்போட் இருந்தா ஏத்திக்குவான். இல்லாங்காட்டி காலி லாரியா திரும்பிப் பூடுவான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மச்சான் அங்க விசா ரெடியா வெச்சிகினு கீறாரு. இதுவும் போச்சின்னா நான் மறுபடியும் பிளேன் ஏற வேண்டியதுதான். புள்ளைங்க மூஞ்சிய நல்லா பாக்க ஆரம்பிச்சே ரெண்டு வருசந்தாம்மா ஆவுது" என்றார்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. நான் குதூகலமாகத்தான் வேலையை ஆரம்பித்தேன். லேப் முழுக்கச் சந்தனமும் சாம்பிராணியும் இன்னும் மணத்துக்கொண்டிருந்தது. அந்த வருடம் பூஜையை எடுத்துச் செய்தது நான். மற்ற வருடங்களில் எங்கள் சார் பிசிஆர் மெஷினுக்கு ஒரு பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, பொரிகடலை கொடுத்து முடித்துவிடுவார். நான் விடவில்லை. ஜோராகச் செய்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெல்லை விளக்கில் வைத்தேன். பாயின் குஞ்சு எரிந்தது. சரி, பாவம் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் பார்த்தேன். நோயில்லாத இறால் எரிந்தது. அதற்கும் பக்கத்தில், தண்ணீர் எரிந்தது.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சார் முன்பு இறால் தீவனம் விற்றவர். கெட்டவர் இல்லை, பயந்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"லேசாத்தானே இருக்கு. பாசிட்டிவ்னு குடுத்துடும்மா. ரிப்போர்ட்டுல ஒட்டற போட்டோல ஓரத்தை மட்டும் வெட்டிடு" என்றார்.

"தண்ணி எரியுது சார்."

"எரியட்டுமே. பாசிட்டிவ்னு சொன்னதுக்கு எவனாவது வந்து நம்ம சட்டையைப் பிடிச்சிருக்கானா? நெகடிவ்னு சொல்லி நாளைக்குக் குளம் செத்தாத்தான் அடிக்க வருவான். பாசிட்டிவ் நமக்கு சேஃப்."

"நமக்கு சேஃப் சார். அவர் தொட்டிக்கு?"

ரிப்போர்ட்டில் டெஸ்ட் செய்தவர் கையெழுத்து என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன், வேண்டுமானால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று பேனாவை மேசையில் வைத்தேன். வைத்தேன் என்ன, விட்டெறிந்தேன். சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார். வெளியே பெஞ்சில் பாய் உட்கார்ந்திருந்தார். "டெஸ்ட் கெட்டுப்போச்சு பாய். உங்க குஞ்சு நல்லதா கெட்டதான்னு எனக்கு இன்னும் தெரியாது. நாளைக்குத் திரும்பப் பண்றேன். அதுக்குள்ள பவுடரைக் கொட்டிடாதீங்க" என்றேன். பவுடர் மூட்டை ஏற்கெனவே தொட்டி ஓரத்தில் வந்து இறங்கியிருக்கிறது என்றார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஓடினேன். புதுத் தண்ணீர் பாட்டில், புது மருந்து, புது ட்யூப், புதுக் கையுறை. நோயில்லாத இறாலிலும் புதிதாக ஒன்று. மதியம் மூன்றரைக்குப் பார்த்தால் தண்ணீர் முந்தின நாளைவிடப் பிரகாசமாக எரிந்தது! அடப்பாவி, நேற்றுக்கூட லேசாகத்தானே எரிந்தாய்!

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. லேபைப் பெருக்கித் துடைக்கிற அக்காவைப் பிடித்துக்கொண்டேன். சேலையூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கேம்ப் ரோட்டில் பாதி தன் மாமனார் நிலம் என்று பஸ்ஸே நின்று வழிவிடுகிற மாதிரி நடப்பார். செருப்பை மாற்றிப் போட்டீர்களா, ஜெல் அறைத் துடைப்பத்தைச் சுத்த அறைக்குள் விட்டீர்களா, ஜன்னலைத் திறந்தீர்களா என்று மூச்சுவிடாமல் கத்தினேன்.

"இன்னாம்மா காலீலேர்ந்து இப்டி கத்திகினே கீற? பேஜாரா பூட்ச்சி" என்று அவர் துணியை உதறினார். "நான் உன் ரூமாண்ட போயே நாலு நாளாவுது. பூஜை அன்னிக்கு உள்ளார வந்ததோட சரி."

நான் விறுவிறுவென்று சுத்த அறைக்குள் போனேன். இன்னொரு தடவை ஓட்டுவது என்று பச்சை டேப் பிப்பெட்டை எடுத்தேன். என் கையுறையில் மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன்.

சந்தனம்.

அம்மாடி! அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பூஜையன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு சாமான் விட்டுப்போகக் கூடாது என்று, ஜெல் அறைப் பிப்பெட்டையும் சுத்த அறைப் பிப்பெட்டையும் சுத்த அறை மேசையில் ஒரே தாம்பாளத்தில் வரிசையாக அடுக்கினேன். ஜெல் ஓட்டுகிற பெட்டியை நடுவில் வைத்து, அதன் தலையில் எலுமிச்சம்பழம் வைத்தேன். எல்லாவற்றையும் ஒரே துணியால் பளபளவென்று துடைக்கச் சொன்னேன். ஒரே கிண்ணத்துச் சந்தனத்தை ஒரே விரலால் தொட்டு, முதலில் சிவப்பு, பிறகு பச்சை என்று பொட்டு வைத்துக்கொண்டே போனேன். வருடம் முழுக்கச் செருப்புக்காக ஊரையே ஏசினவள், கையெடுத்துக் கும்பிட்டு, ஜெல் அறையை முழுதாகத் தூக்கிச் சுத்த அறைக்குள் வைத்திருக்கிறேன். விஜயதசமியன்று ஜெல் அறைச் சாமான்களைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தபோதுகூட, டேப் நிறம் பார்த்துச் சரியாகத்தான் வைத்தோம். டேப் சரி. சந்தனம் பொது!

வெட்கம் பிடுங்கித் தின்றது. வெளியே வந்து அக்காவிடம், "அக்கா, தப்பு என்னுது. சும்மா உங்களைக் கத்திட்டேன்" என்றேன். "அத்த மொதல்ல யோசிச்சிட்டு கத்தக் கூடாதா?" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார். எனக்குக் கிடைத்த மன்னிப்பு அவ்வளவுதான்.

ஆனால் சந்தேகப்பட்டால் போதாது, காட்ட வேண்டும். பீரோவில் பூட்டிவைத்திருந்ததால் பூஜைக்கு வராமல் தப்பித்த புதுப் பிப்பெட் ஒரு செட் இருந்தது. ஈரப் பஞ்சால் பச்சை டேப் பிப்பெட்டைத் துடைத்தேன். தாம்பாளத்தை, துடைத்த துணியை, சந்தனக் கிண்ணத்தைத் துடைத்தேன். வாடிப்போயிருந்த எலுமிச்சம்பழத்தையும் விடவில்லை. பஞ்சுக்கு முழு டெஸ்ட் வேண்டாம், மூன்று மணி நேரத்தில் பார்த்துவிடலாம். மருந்து கலப்பதைச் சுத்த அறையில் செய்யாமல், சாரின் ஆபீஸ் மேசையில் புது பிளாஸ்டிக் விரித்துச் செய்தேன். ஏழு மணிக்கு ஜெல்லை விளக்கில் வைத்து, சாரைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தேன்.

தண்ணீர் இருட்டு. மற்றது எல்லாம் தீபாவளி.

"என்னம்மா இது?"

"இது பிப்பெட் சார். இது துணி. இது சந்தனக் கிண்ணம். இது எலுமிச்சம்பழம். எல்லாத்துக்கும் வெள்ளைப்புள்ளி."

சார் கொஞ்ச நேரம் எலுமிச்சம்பழத்தின் கோட்டையே பார்த்தார். "அப்போ பாயோட குஞ்சு?"

"தெரியாது சார். ரெண்டு நாளா நாம அவர் குஞ்சை டெஸ்ட் பண்ணவே இல்ல. நாம வெச்ச பூஜையைத்தான் டெஸ்ட் பண்ணியிருக்கோம்."

சாருக்கு அசடு வழிந்தது. எனக்கும்தான். இருவரும் சிரித்துவிட்டோம். உடனே பாய்க்குப் போன் போட்டேன். என் தப்பு என்று ஆரம்பித்து, தாம்பாளம், பொட்டு, துணி என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "அப்ப என் குஞ்சு மேல இன்னும் பழி வரல" என்றார். "இன்னும் வரல பாய். நாளைக்குப் புதுசா குஞ்சு வேணும். லேபை முழுக்கக் கழுவவும் வேணும். பிளீச்சிங் பவுடர் இங்க கொஞ்சந்தான் இருக்கு" என்றேன். "அதுக்கு இன்னா பஞ்சம்? ஒரு மூட்டையே என்னாண்ட கீதே!" என்றார்.

புதன்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் ஒரு கையில் குஞ்சுப் பை, தோளில் பவுடர் மூட்டையுடன் மாடிப்படி ஏறினார். தன் தொட்டியைக் கொல்ல வாங்கின பவுடர். பிளீச்சிங் தண்ணீர் பட்டால் அந்தத் துண்டுகளெல்லாம் சிதைந்துவிடும். வாளி வாளியாகக் கரைத்தோம். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசை, சுவர், கதவுக் கைப்பிடி, ஸ்டூல் கால் என்று தேய்த்தார். சார் சட்டைக் கையை மடித்துவிட்டு ஃபேன் இறக்கையைத் துடைத்தார். கண் எரிந்து எல்லோரும் அழுதுகொண்டே வேலை செய்தோம். சுத்த அறையில் கொஞ்ச நேரம் புற ஊதா விளக்கைப் போட்டு மூடிவைத்தேன். பத்து மணிக்குப் புதுப் பிப்பெட், புதுத் துணி, பிரிக்காத மருந்தோடு உள்ளே போனேன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மதியம் முழுக்க மெஷின் முனகிக்கொண்டே இருந்தது. பாய் பெஞ்சைவிட்டு நகரவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, "தண்ணி எரியக் கூடாது, நோயாளி எரியணும், அப்டித்தானம்மா?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஜெல் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, புற ஊதா விளக்கைப் போட்டேன். முதலில் நோயாளி இறாலைப் பார்த்தேன். எரிந்தது. அப்படியென்றால் டெஸ்ட் வேலை செய்கிறது. நோயில்லாத இறால், இருட்டு. தண்ணீரைப் பார்த்தேன். ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தேன், மறுபக்கம் சாய்ந்து பார்த்தேன். கும்மிருட்டு. அதற்குப் பிறகுதான் பாயின் குஞ்சைப் பார்க்க எனக்கு தைரியம் வந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தேன். பாய் எழுந்து நின்றார். குஞ்சைப் பற்றிக் கேட்கவில்லை.

"தண்ணி?" என்றார்.

"இருட்டு பாய்!"

"என் குஞ்சுங்க?"

"இருட்டு! எல்லாம் இருட்டு! லாரியை வரச் சொல்லுங்க!"

அந்த மனிதர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அப்போது எங்கோ பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அக்கா ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாய் பையிலிருந்து பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நோன்பு திறந்தார். அந்த ரிப்போர்ட்டில் நான் போட்ட கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. போட்டோவை ஓரம் வெட்டாமல் ஒட்டினேன்.

லாரி போய்விட்டது, ஆனால் என் பயம் போகவில்லை. குளம்தான் கடைசி டெஸ்ட். நான்கு மாதம் போன் அடிக்கும்போதெல்லாம் நாகப்பட்டினத்தில் இறால் செத்துவிட்டதோ என்று பதறினேன். இதற்கிடையில் ஒரு வேடிக்கை நடந்தது. பாய் இந்தக் கதையைக் கோவளத்திலிருந்து ஆரம்பித்துக் கடற்கரை நெடுகச் சொல்லிவிட்டார். ஹேச்சரிக்காரர்கள் கவுன்ட்டரில் ரிப்போர்ட்டை வாங்கியதும் முதலில் போட்டோவைத் தூக்கிப் பிடித்து, "தண்ணி எதுங்க மேடம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வேறு லேபில் வாங்கின ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து, "இதுல தண்ணியே காணோமே!" என்று கோபப்பட்டார் ஒருத்தர். ஓரத்தை வெட்டச் சொன்ன எங்கள் சார், "நம்ம லேப்ல தண்ணி காட்டாம ரிப்போர்ட் போகாது சார்" என்று போனில் மார்தட்டியதை நானே இந்தக் காதால் கேட்டேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள் பாய் வந்தார். கையில் குஞ்சுப் பை இல்லை, தெர்மாகோல் பெட்டி. மூடியைத் திறந்தார். ஐஸுக்குள் ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளத்துக்கு இறால், வரிவரியாக, மினுமினுவென்று. குளத்துக்காரர் அறுவடை முடித்துக் கொடுத்தனுப்பியதாம்.

"குளம் பொழச்சிகிச்சிம்மா" என்றார். "மச்சானாண்ட விசா வோணாம்னு சொல்லிட்டேன்."

நான் ஒன்றை எடுத்து ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து, தலை ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. நெஞ்சு நிறைந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அன்றைக்குப் பிளீச்சிங் பவுடரும் இல்லை. நான் சுத்த சைவம், பெட்டியை அக்காதான் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் முழுக்கக் குழம்பின் பெருமையைக் கேட்டு மாளவில்லை.

அதில் நான்கு இறாலை மட்டும் நான் எடுத்துவைத்துக்கொண்டேன். மூன்று தடவை டெஸ்ட் செய்தேன், மூன்று தடவையும் இருட்டு. எங்கள் பழைய நோயில்லாத இறால் தீர்ந்துகொண்டிருந்தது. இதைச் சின்னச் சின்ன ட்யூபில் பிரித்து ஃப்ரீசரில் வைத்தேன். மூடியில் என்ன எழுதுவது என்று யோசித்துவிட்டு, கறுப்பு மார்க்கரால் 'பாய்' என்று எழுதினேன்.

அடுத்த வருடம் ஆயுதபூஜைக்கு ஒவ்வொரு அறைக்கும் தனித் தாம்பாளம், தனிக் கிண்ணம், தனித் துணி. பொட்டு வைத்த ஆளும் தனித்தனி. அதற்குப் பிறகு எந்த ஊர் இறால் வந்தாலும், ஒவ்வொரு டெஸ்டிலும் தண்ணீருக்குப் பக்கத்தில் பாய் இருந்தார். இரண்டு பேரும் ஒரு தடவைகூட எரியவில்லை.